பலகையில் முப்பத்தொன்றாவது பெயர்

நெவில் மாமாவைப் பிடிக்கும் என்று சொன்ன ஒரு ஆளைக்கூட தோர்ன்பியில் நான் சந்தித்ததில்லை. என் அம்மா அவருடைய கூடப்பிறந்த தங்கை. அவளும் சொல்ல மாட்டாள்.

முப்பத்துநான்கு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அந்தக் குரலை அவர் சேமித்து வைத்து, சனிக்கிழமை சனிக்கிழமை மில் லேன் மைதானத்தில் கொட்டுவார். கிழக்குப் பக்கம், பதினான்காவது வரிசை, ஓரத்து இருக்கை. அவர் தோர்ன்பி டவுன் அணியை நேசித்தார் என்று எழுதினால் அது பொய். அவர் அதைத் திட்டினார். எதிரணியைத் திட்டுவது எல்லோரும் செய்வது. மாமா எங்கள் கோல்கீப்பரைத் திட்டுவார், எங்கள் பயிற்சியாளரைத் திட்டுவார், கோல் போட்டவனையே 'இதப் போன வாரம் போட்டிருக்கலாம்ல' என்று திட்டுவார். வேலை, மழை, காய்ச்சல், அவருடைய அப்பாவின் சாவு, எதற்காகவும் ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை. கடைசி விசில் ஊதுவதற்கு முன்னால் எழுந்ததும் இல்லை.

எங்கள் ஊரில் இது முக்கியம். தோற்றுக்கொண்டிருக்கும்போது எழுந்து போகிறவனுக்கு 'பஸ்காரன்' என்று பெயர். கூட்டம் வருவதற்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் என்று அர்த்தம். யாராவது எழுந்தால் கிழக்குப் பக்கம் முழுவதும் பாடும்: 'பஸ்ஸு வந்தாச்சு, பஸ்ஸு வந்தாச்சு, ஓடு மச்சான் ஓடு.' அதற்குப் பிறகு அவன் படியிறங்கி வெளியே போகும் வரை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

1991 மே மாதம் நான்காம் தேதி நடந்த ஆட்டம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். சீசனின் கடைசி நாள். தோற்றால் தோர்ன்பி டவுன் லீகை விட்டே வெளியே போகும். இடைவேளையில் மூன்றுக்கு பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தோம். கிழக்குப் பக்கம் முக்கால்வாசி காலியானது. இருந்தவர்கள் இரண்டாவது பாதியில் எங்கள் அணி போட்ட நான்கு கோலையும் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் ஊர் மதுக்கடையான ஷட்டில் பப்பின் சொந்தக்காரர் ஒரு காரியம் செய்தார். 'நாளைக்கு எல்லாப் பயலும் நானும் இருந்தேன்னு சொல்லுவான்' என்று ஒரு பலகையை எடுத்து வைத்து, உண்மையில் இருந்தவர்களின் பெயரை எழுதத் தொடங்கினார். இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அப்படி எழுதியது இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். அந்தப் பலகை இப்போதும் பப்பின் உள்ளறையில் இருக்கிறது. அவர் இறந்த பிறகு மகள் மேவிஸ் பார்த்துக்கொள்கிறாள். இருபத்தெட்டு வருடத்தில் ஒரே ஒரு பெயரைத்தான் அடித்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அன்று மதியம் வேறொரு ஊரில் ஒரு கல்யாணத்தில் அவர் கேக் சாப்பிடும் புகைப்படம் கிடைத்துவிட்டது. பெயரை அழிக்கவில்லை. சிவப்பு பெயின்டில் ஒரு கோடு மட்டும் இழுத்தார்கள், அடியில் இருப்பதைப் படிக்கிற மாதிரி. அவர் அதற்குப் பிறகு அந்தத் தெருவழியாகவே போவதில்லை.

நெவில் ஓல்ட்ராய்ட் பலகையில் முப்பத்தொன்றாவது பெயர். சாட்சி சொன்ன இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் ஸ்டான் ஹார்கர்.

அதே நாள் மதியம், மைதானத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, மாமாவின் மனைவி மார்லீனுக்குப் பிரசவ வலி. காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, 'இன்னும் நேரமாகும்னு நர்ஸ் சொல்றாங்க' என்று மாமா கிளம்பிப்போனார். திரும்பி வந்தது ஆறரை மணிக்கு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் புல்தரையில் இறங்கி உருண்டிருக்கிறார்கள், முழங்கால் வரை சேறு. மார்லீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான்கு வருடம் கழித்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா ஊருக்கே போய்விட்டாள்.

குழந்தை ஜெம்மா. என் மாமன் மகள். பதினாறு வயதில் ஒருநாள் வந்து, 'என்னைவிட அந்த ஆட்டம் பெருசாப் போச்சா?' என்று கேட்டாள். மாமா, 'அந்த ஆட்டத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்?' என்று பதில் சொன்னார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவள் வரவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். தெற்கே, ரயிலில் ஐந்து மணி நேரம். முதல் வருடம் எழுத்து வகுப்பில், அவரவர் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார் பேராசிரியர். ஒருத்தியின் தாத்தா நீதிபதி. ஒருவனின் அத்தை இசை நாடகத்தில் பாடுகிறவள். நான் நெவில் மாமாவைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அதுவரை என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, அதாவது என்னோடு சேர்ந்து. நான் மேலும் சொன்னேன். மே நான்கைச் சொன்னேன். ஆஸ்பத்திரியைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் என்னைப் பார்த்தாள். 'அவர் வரவே இல்லையா?' என்று கேட்டாள்.

'இடைவேளையில எழுந்து வந்துட்டார்' என்றேன்.

வகுப்பு முழுவதும் ஒரு பெருமூச்சு. பேராசிரியர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வரியை ஏன் சொன்னேன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மாமாவைக் காப்பாற்றினேனா, என்னையா? இடைவேளையில் எழுந்து போவது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய கேவலம் என்று எனக்குத் தெரியாமலா? பிறந்ததிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் ஊரை விட்டுப் போன மூன்றாவது மாதமே எது மானம், எது கேவலம் என்பது எனக்கு இடம் மாறிப்போயிருந்தது. அவர்கள் ஊரில் அது அழகான காரியம். அதனால் சொன்னேன்.

பேராசிரியர் அதை நாவலாக எழுதினார். நான் பட்டம் வாங்கிய மறுவருடம் வெளிவந்தது. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றியிருந்தார். கதையில் வருகிறவன் ஒரு வேடிக்கையான அசடு. கால்பந்தைத் தவிர ஒன்றும் தெரியாதவன், மனசு மட்டும் தங்கம். கடைசி அத்தியாயத்தில் இடைவேளையில் எழுந்து, மழையில் இரண்டு மைல் ஓடி, பிரசவ அறைக்குள் நுழைகிறான். 'இது ஒரு உண்மை மனிதரின் கதை. அவர் குடும்பத்தாரே எனக்குச் சொன்னது' என்று பத்திரிகைப் பேட்டியில் அவர் சொன்னார். எங்கள் ஊரில் யாரும் அந்தப் பேட்டியைப் படிக்கவில்லை. ஜெம்மா படித்திருக்கிறாள். நாவலையும் படித்திருக்கிறாள்.

அடுத்த மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாமா வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏன் வந்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவும் இல்லை. மறு ஞாயிறும் வந்தாள். மாமா முதன்முறையாக ஒரு மேஜை விரிப்பு வாங்கினார் என்று அம்மா சொன்னாள். 'அவனுக்கு வயசாயிடுச்சு, அவளுக்குக் கோவம் ஆறிடுச்சு' என்பது அம்மாவின் கணக்கு. நாவலைப் படித்திருப்பாள் என்பது என் கணக்கு. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் நாவலைப் படமெடுக்க எங்கள் ஊருக்கே வந்தார்கள். நகைச்சுவைப் படம். எனக்கு அப்போது வேலை இல்லை. உள்ளூர்க்காரன், நாவலாசிரியருக்குத் தெரிந்த பையன் என்று, கூட்டமாக உட்கார ஆள் சேர்க்கும் வேலை கொடுத்தார்கள். கிழக்குப் பக்கத்துக்கு நானூறு பேர் வேண்டும். வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் படத்துக்காக வரவில்லை. தங்கள் இருக்கையில் வெளியூர்க்காரன் எவனும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று வந்தார்கள். நெவில் மாமாவும் பதினான்காவது வரிசை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நாவல் படித்ததில்லை. கதை என்னவென்று அவருக்குத் தெரியாது.

கடைசிக் காட்சியை முதல் நாளே எடுத்தார்கள். இயக்குநர் மென்மையாகப் பேசும் பெண்மணி. ஒலிபெருக்கியில் விளக்கினார்: நம் நாயகன் எழுந்திருப்பான், எங்கே போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும், நீங்கள் வழிவிட்டு அவனுக்காகக் கைதட்டுவீர்கள்.

நடிகன் எழுந்தான். நானூறு பேரும் பாடினார்கள்: 'பஸ்ஸு வந்தாச்சு, பஸ்ஸு வந்தாச்சு.'

இயக்குநர் மறுபடி விளக்கினார். மறுபடி பாடினார்கள். மூன்றாவது முறை நானே வரிசை வரிசையாகப் போய்க் கெஞ்சினேன். 'கை தட்டணும்னுதான் வர்றேன் தம்பி, அவன் எழுந்ததும் வாய் தானா தொறந்துக்குது' என்றார் ஒருவர். ஆறு முறை எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் முகத்தை மட்டும் படம்பிடித்துக்கொண்டு, கைதட்டலைப் பிறகு வேறெங்கோ ஒலிப்பதிவு செய்து சேர்த்தார்கள். படத்தில் கேட்கும் கைதட்டல் எங்கள் ஊருடையது அல்ல.

நாலாவது முறையில்தான் அது நடந்தது. நடிகனின் இருக்கை மாமாவுக்குப் பக்கத்து இருக்கை. வெளியே போக வேண்டுமென்றால் மாமா எழுந்து வழிவிட வேண்டும். மாமா எழவில்லை.

"எங்க போற?" என்றார்.

நடிகன் பாத்திரத்தை விடாமல், மனைவிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றான்.

"அதுக்கு நீ போய் என்ன கிழிக்கப்போற?"

சுற்றிலும் சிரித்தார்கள். நடிகனும் சிரித்தான். பிறகு குனிந்து, மரியாதையாக, அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னான்: "இது உங்க கதைதானே சார்? நாவலாசிரியர் சொன்னாரு. நீங்க எழுந்து போனதத்தான் நான் நடிக்கறேன்."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மாமா அடுத்து என்ன சொல்வார் என்று சுற்றியிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். மூன்று வரிசைக்குக் கேட்டது. பன்னிரண்டாவது வரிசையில் ஸ்டான் ஹார்கர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டானுக்கும் மாமாவுக்கும் பதின்மூன்று வருடப் பகை. ஸ்டானின் மகன் வெய்ன் ஒரே ஒரு சீசன் தோர்ன்பி டவுனுக்குக் கோல்கீப்பராக இருந்தான். அந்த சீசன் முழுக்க, வாராவாரம், மாமா அவனைத் திட்டினார். அவனுடைய அப்பா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்க, அவன் கையைப் பற்றி, காலைப் பற்றி, உயரத்தைப் பற்றி. மே மாதம் வெய்ன் விளையாட்டையே விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டான். 'அவன் நல்ல கீப்பர் இல்ல, அவ்வளவுதான்' என்று மாமா இன்றும் சொல்வார். அது உண்மையும்கூட.

அன்று சாயங்காலமே ஷட்டிலில் மாமாவுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது: ஹாஃப் டைம். பாட்டும் பாடினார்கள். மாமா பியரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா இன்னும் படிக்காமல் வைத்திருந்த நாவலை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் படித்து முடித்தார். மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்தார். என் அறையில் உட்காரவில்லை.

"ஜெம்மா இதப் படிச்சுட்டுத்தான் வந்தாளா?"

ஆமாம், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது என்றேன்.

"இத எழுதினவனுக்கு யார்டா சொன்னது?"

நான் சொன்னேன். வகுப்பு, சிரிப்பு, முன்வரிசைப் பெண், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அட்டையில் ஒரு கார்ட்டூன் ஆள் மழையில் ஓடிக்கொண்டிருந்தான்.

"உங்க காலேஜ்ல இதுக்குத்தான் பட்டம் தர்றாங்களா?" என்றார். "ஒருத்தன நல்லவனாக் காட்டணும்னா அவன அசிங்கப்படுத்தணும்னு?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் கையால் தள்ளினார். நான் ஷட்டிலுக்கு வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஜெம்மாவிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. ஷட்டிலில் சொல், ஆனால் அவளிடம் வாயைத் திறக்காதே என்றார். அவளிடம் நீங்கள் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவள் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை, கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவளுக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பாவாக இருக்க வேண்டும். பலகைக்கு அவர் இருந்த ஆளாக இருக்க வேண்டும். நாற்பது நிமிட பஸ் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களில் இரண்டு மாமாக்கள் இருந்துவிடலாம் என்று அவர் நம்பினார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. நானும் மூன்று வருடம் அப்படித்தானே இருந்தேன்.

விசாரணை வேண்டும் என்று ஸ்டான் மேவிஸிடம் எழுதிக் கொடுத்தார். படம் வெளிவந்தால் ஊரே பார்க்கும், பலகையில் ஒரு பஸ்காரன் பெயர் இருப்பது மற்ற இருநூற்றுப் பத்துப் பேருக்கும் அவமானம் என்று எழுதியிருந்தார். நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை, மாலை ஆறு மணிக்கு உள்ளறையில் கூடினார்கள். முப்பது பேர் இருப்பார்கள். மேவிஸ் பலகைக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் சிவப்பு பெயின்ட் டப்பாவும் ஒரு மெல்லிய பிரஷ்ஷும். டப்பாவைத் திறந்தே வைத்திருந்தாள்.

முதலில் ஸ்டானைக் கேட்டாள். 1991-இல் நீங்கள்தானே சாட்சி சொன்னீர்கள் என்று.

"சொன்னேன். பக்கத்துல நின்னான்னு அன்னிக்குத் தோணுச்சு" என்றார் ஸ்டான். "இப்ப யோசிச்சா தெரியல. நான் ஆட்டத்தப் பாத்தேனா, அவன் மூஞ்சியப் பாத்துட்டிருந்தேனா?"

மாமா மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்தேன். நாவலில் வருவது நான் சொன்ன பொய், மாமா அன்று கடைசி வரை இருந்தார், ஆறரை மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், என் அம்மா அப்போது அங்கே இருந்தாள் என்று சொல்லத் தயாராக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தைத் தொடங்கும்போது கதவு திறந்தது.

ஜெம்மா வந்து நின்றாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மாமா பாதி எழுந்து, திரும்பவும் உட்கார்ந்தார்.

ஸ்டான் அவளுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்பது அவள் பேசத் தொடங்கியதும் தெரிந்தது.

"என் அப்பா நான் பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வந்தார்னு நீங்க யாரும் நம்ப மாட்டேங்கறீங்களாமே" என்றாள். "அவர் என்னென்னமோ செஞ்சிருக்கார். நல்ல அப்பாவா இருந்ததில்ல. ஆனா இத ஒண்ணச் செஞ்சார். நாலு பேர் சிரிப்பாங்கன்னு தெரிஞ்சும் எழுந்து வந்தார். அத நீங்க இல்லேன்னு ஆக்கப் பாத்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டான்தான் மெல்லச் சொன்னார்: "நாங்க நம்பறோம் கண்ணு. அதான் வேணும். மேவிஸ், மகளே சொல்லிட்டா. கோடு போடு."

மேவிஸ் பிரஷ்ஷை எடுத்தாள். ஜெம்மா பலகையைப் பார்த்தாள், பெயின்டைப் பார்த்தாள், ஸ்டானைப் பார்த்தாள். தன்னை எதற்காக வரவழைத்தார்கள் என்று அவளுக்குப் புரியத் தொடங்கியது. அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அந்த நேரத்தில் மாமா எதுவும் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு கோடு விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் அவர் பேசாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் பேச வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

"பிரஷ்ஷக் கீழ வை மேவிஸ்" என்றார் மாமா. "நாலாவது கோல் அடிச்சது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். எப்படி வந்துச்சுன்னு கேளு."

யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார். இடது ஓரத்தில் பந்து வெளியே போய்விட்டது என்று எல்லோரும் நின்றுவிட்டார்கள், லைன்ஸ்மேனும் கொடியைத் தூக்கப்போனான், கொடித்துணி கம்பிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. அவன் குனிந்து துணியை எடுக்கும் நேரத்தில் பந்து உள்ளே வந்து, ஒருவன் தோளில் பட்டு, கோல் கம்பத்தில் பட்டு, எதிரணிக் கோல்கீப்பரின் முதுகில் பட்டு உள்ளே போனது. எந்தப் பத்திரிகையிலும் கொடி விஷயம் வரவில்லை. கிழக்குப் பக்கத்தில், அந்த மூலையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லும்போது மாமா எழுந்து நின்றுவிட்டார். கையால் கொடியைக் காட்டினார், தோளைக் காட்டினார். அவர் முகத்தை அப்படி நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. திட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத முகம். அறையில் வயதானவர்கள் நான்கைந்து பேர் தலையை ஆட்டினார்கள். ஒருவர், 'ஆமாப்பா, துணி கழண்டுச்சு' என்றார். ஸ்டான் தரையைப் பார்த்தார்.

ஜெம்மா மட்டும் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"என்னது?"

"அந்த கோல்."

"நாலு நாப்பது."

"மூணாவது?"

"நாலு முப்பத்தொண்ணு."

"நான் நாலு முப்பத்துநாலுக்குப் பொறந்தேன்" என்றாள். "அந்த ரெண்டு கோலுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

மாமா யோசித்தார். பொய் சொல்வதற்காக யோசிக்கவில்லை. உண்மையில் நினைவுபடுத்திப் பார்த்தார்.

"ஒரு கார்னர் கெடச்சுது" என்றார். "வீணாக்கிட்டானுங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"திட்டினேன்."

ஜெம்மா மேல்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். வந்ததிலிருந்து அவள் அதைக் கழற்றவே இல்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

நான் பின்னாலேயே போனேன். கார் நிறுத்தும் இடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான்தான் அந்தப் பொய்யைச் சொன்னவன் என்று சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமில்லை.

"அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள். "பிரசவ வலில அவளுக்கு நேரம் காலம் தெரியலேன்னு, எட்டு மாசமா மனசுக்குள்ள அவளப் பொய்க்காரி ஆக்கி வெச்சிருந்தேன். அதுக்கு நான் இப்ப யார்கிட்ட மன்னிப்புக் கேட்கறது லூக்? உன்கிட்டயா?"

அவள் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டாள்.

"நீ எதுக்கு அப்படிச் சொன்ன?"

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள், எனக்கு அவமானமாக இருந்தது என்றேன்.

"அவரப் பத்தியா, உன்னப் பத்தியா?"

என்னைப் பற்றி என்றேன். நான் அன்று சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். அவள் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் இறக்கி, "படம் வந்தா எனக்குச் சொல்லாத" என்றாள். "ஆனா நான் பாப்பேன்."

நான் உள்ளே வந்தபோது மேவிஸ் பெயின்ட் டப்பாவை மூடி, சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றாவது பெயரில் கோடு விழவில்லை. ஸ்டான் போய்விட்டிருந்தார். மற்றவர்கள் அடுத்த வாரம் வெளியூர் ஆட்டத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி புறப்பட வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு யாரோ ஒரு பியர் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை.

"போயிட்டாளா?"

போய்விட்டாள் என்றேன். அழுதாளா என்று அவர் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பியரின் நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு பேசுவதை அவர் அன்றோடு நிறுத்திவிட்டார். மைதானத்தில் இன்றும் நான் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது அன்று சொன்னதுதான். சட்டைக் காலரைப் பிடித்து என்னைக் கீழே இழுத்து, யாருக்கும் கேட்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அவளுக்கு நான் குடுத்த வீட்டுச் சாவி இன்னும் அவகிட்டதான் இருக்கு. நல்லது பண்றேன்னு நீ போய் அத வாங்கிட்டு வந்துடாத."